முப்பத்தொன்றுக்கு நான் கொடுத்த குரல்

எங்கள் வகுப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த எண்தான் பெயர். நான் இருபத்தேழு. ஒரகடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்தவன் முப்பத்தொன்று. கான்ட்ராக்டர் மகன் நாற்பத்துநாலு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன் நாற்பத்தாறு. இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதி ஐம்பத்தாறு பேரைத் தனித்தனியாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் மொத்தமாகச் சொல்கிறேன். அவர்கள் எப்போதும் மொத்தமாகத்தான் இருந்தார்கள்.

1991ஆம் ஆண்டு. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நாடே அறியும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வெளியூரில் யாராவது எங்கே படிக்கிறாய் என்று கேட்டு நான் பதில் சொன்னால், "ஓ, அந்த ஊரா" என்று என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான்கு மாதம் கழித்து, அதே பக்கத்தில், எங்கள் கல்லூரிச் சுவருக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரையில் இன்னொருவன் செத்தான். அவனுக்குப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அதிலும் அவன் படித்த வருடத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் இன்று புதுக் கார்கள் பிளாஸ்டிக் உறை போர்த்தி வரிசையாக நிற்கின்றன. அன்று வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, பூச்சு வேலை முடியாத விடுதி ஒன்று, தகரக் கொட்டகை போட்ட கேண்டீன் ஒன்று, இவ்வளவுதான் எங்கள் பொறியியல் கல்லூரி. மழை பெய்தால் வகுப்புக்குள் தவளை வரும். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வரும் அன்று மட்டும் எல்லா மின்விசிறிகளும் ஓடும்.

நாங்கள் அங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்ட தொழில் ஒன்று உண்டு. அதற்குக் 'குரல் கொடுப்பது' என்று பெயர். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அதனால் வராதவனின் எண்ணைப் படிக்கும்போது வந்தவன் "எஸ் சார்" என்று சொல்லிவிடுவான். இதற்குச் சட்டதிட்டமெல்லாம் இருந்தது. ஒருவன் ஒரு வகுப்பில் ஒருவனுக்கு மட்டும்தான் குரல் கொடுக்கலாம். தன் எண்ணுக்குச் சொந்தத் தொண்டை, மற்றவனுக்கு மாற்றுத் தொண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் யாருக்குக் கொடுத்தான் என்பதை உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாது. உயிரே போனாலும் என்றுதான் சொல்லிக்கொள்வோம். யாருடைய உயிர் என்று யாரும் கேட்டதில்லை.

மதியம் ஒன்றரை மணி வகுப்பை எடுத்த சார் எங்களுக்கு மிகவும் வசதியானவர். சின்ன வயசு, நிரந்தரமாகாத வேலை, போன தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பதிவேட்டை விரித்துக் குனிந்தால் அறுபதாம் எண் வரைக்கும் நிமிர மாட்டார். சத்தம் வந்தால் 'பி', வராவிட்டால் 'ஏ'. இருபது பேர் காணாத வகுப்பில் ஐம்பத்தைந்து 'பி' போட்டுவிட்டு, "குட்" என்று சொல்லிப் பாடத்தை ஆரம்பிப்பார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

நாற்பத்துநாலு மதியத்துக்கு மேல் வகுப்புக்கு வந்ததே கிடையாது. அவனுடைய அப்பாதான் விடுதியைக் கட்டிய கான்ட்ராக்டர். அந்தப் பூச்சு முடியாததற்கும் அவரே காரணம். மதியம் ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனுக்குக் குரல் கொடுத்தவன் அறைத் தோழன் நாற்பத்தாறு. மூக்கடைத்தது போல ஒரு குரலை அதற்கென்றே வைத்திருந்தான். "நாற்பத்துநாலுக்கு ஆறு மாசமா ஜலதோஷம்டா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கடா" என்று நாங்கள் சிரிப்போம்.

எனக்குக் குரல் கொடுத்தவன் முப்பத்தொன்று. படப்பையிலிருந்து நான் பிடிக்கும் பஸ் வாரத்தில் மூன்று நாள் முதல் வகுப்புக்குப் பிறகுதான் வந்து சேரும். அவனோ ஐந்து மைல் சைக்கிள் மிதித்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, மணி அடிப்பதற்கு முன்பே முதல் பெஞ்சில் இருப்பான். நான் உள்ளே நுழைந்தால், "வந்துட்டாருடா படப்பை ஜமீனு! ஏன்டா, நீ இன்னாத்துக்கு வந்தே? அதான் நான் உன்க்கும் சேத்து வந்துக்கீறேனே" என்பான். என் இரண்டு வருட ஹால் டிக்கெட்டில் பாதி அவன் தொண்டையில் கிடைத்தது. அவனுக்காக யாரும் குரல் கொடுத்ததில்லை. அவன் ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை.

ஆகஸ்டில் நாற்பத்துநாலு ஒரு முதலாண்டு மாணவனை விடுதி மொட்டைமாடியில் உச்சி வெயிலில் முட்டி போட வைத்தான். அந்தப் பையன் மயங்கி விழுந்து தாடை கிழிந்தது. விடுதியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். புகார் எழுதியவன் விடுதியிலேயே இல்லாத முப்பத்தொன்று. எழுதி, என்னிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"நீயும் ஒரு கையெய்த்து போடுடா."

"பாக்கலாம்" என்றேன்.

நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியும். சிரித்துவிட்டுத் தன் ஒரே கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தான். பிரின்சிபால் அந்தப் புகாரைப் படித்தார். பிறகு கான்ட்ராக்டரை வரவழைத்து அவருக்கும் படிக்கக் கொடுத்தார். விசாரணை அதோடு முடிந்தது. மற்றவர்களைப் பற்றி நான் கோபமாக எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் என் 'பாக்கலாம்' இங்கே கிடக்கட்டும்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. கேண்டீனில் நாங்கள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தோம். கையைக் கழுவிக்கொண்டே அவன் சொன்னான்.

"நாப்பத்துநாலு ஏரிக்கரைக்கு வரச் சொல்லிக்கீறான். சமாதானமா பேசிக்கலாம்ன்றான். இன்னான்னு கேட்டுகினு வந்துடறேன்."

"நானும் வரேன்டா."

"நீயும் வந்துட்டா எனுக்கு யார்ரா குரல் குடுப்பா? ஒன்ற மணி கிளாஸு. ரெண்டு வருசத்துல ஒரே ஒரு வாட்டி கேக்கறேன், குட்த்துடு."

எனக்கு அது பெருமையாக இருந்தது. கடைசியில் அவனுக்கும் என் தொண்டை தேவைப்பட்டதே என்று சந்தோஷமாக வகுப்புக்குப் போனேன். சார் குனிந்து படித்தார். இருபத்தேழுக்கு என் குரல். முப்பத்தொன்று வந்தபோது குரலைக் கொஞ்சம் கனமாக்கி, அவன் சொல்வது போலவே இழுத்து, "எஸ் சார்" என்றேன். பக்கத்தில் இருந்தவன் தொடையைத் தட்டிப் பாராட்டினான். நாற்பத்துநாலுக்கு வழக்கமான ஜலதோஷக் குரல் வந்தது. அன்று வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர் மற்றவர்களுக்குக் குரல் கொடுத்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிறகு நாங்களே உட்கார்ந்து எண்ணினோம்.

மூன்றரை மணிக்கு மாட்டுக்குப் புல் அறுக்க வந்த ஓர் அம்மா கத்திக்கொண்டே சுவரோரம் ஓடி வந்தாள். மதகுக்குப் பக்கத்தில் அவன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் அடி. கல்லூரி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அவன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது விடுதி வாசலில் நாற்பத்துநாலு ஈரத் தலையோடு நின்றிருந்தான். "என்னடா ஆச்சு?" என்று என்னைக் கேட்டான்.

நான் வகுப்பில் அந்த "எஸ் சார்" சொன்ன நேரத்தில் முப்பத்தொன்று அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கலாம், அல்லது அடி வாங்கிக் கிடந்திருக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கணக்கை என்னால் விட முடியவில்லை. அவன் இங்கே இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்று அவன் குரலிலேயே சொன்னவன் நான். குரல் வராமல் இருந்திருந்தால், முதல் பெஞ்சு காலியாக இருப்பதை அந்தச் சார்கூட நிமிர்ந்து பார்த்திருப்பாரோ என்னவோ.

அதற்குப் பிறகு வந்த பத்து நாட்களும் எங்கள் கல்லூரியைப் பார்த்தவர்கள், இப்படி ஒரு கல்லூரி உண்டா என்று சொல்லியிருப்பார்கள். சாவுக்குக் கல்லூரி பஸ் இரண்டு வந்தன. பேராசிரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் பிரின்சிபால் பேச முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டோம். மே மாதத்துக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து ரோட்டில் நடந்தாலே ஏன் எதற்கு என்று கேட்கும் காலம் அது. அதனால் கல்லூரி கேட்டுக்குள்ளேயே ஊர்வலம் போனோம். வகுப்புகளைப் புறக்கணித்தோம். "உண்மையைச் சொல்" என்று அட்டையில் எழுதிப் பிடித்தவர்களில் நாற்பத்தாறும் ஒருவன். விடுதிக்காரர்கள் எனக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் நான் அவர்கள் எல்லோரையும் நேசித்தேன். பச்சையாகச் சொல்கிறேன், நேசித்தேன். அந்த ஏமாளித்தனத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் முப்பத்தொன்று என்னிடம் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனார். பதிவேட்டின் நகலோடு திரும்பி வந்தார். நாற்பத்துநாலு, வியாழக்கிழமை, ஒன்றரை மணி வகுப்பு: 'பி'.

"கிளாஸ்ல இருந்த பையன் ஏரிக்கரையில எப்படி இருப்பான் தம்பி?" என்றார்.

மறுநாள் முப்பத்தொன்றின் பெரியப்பா மகனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு குடும்பத்துக்கும் வேர்க்கடலைக் கொல்லையில் பாகத் தகராறு இருந்தது உண்மைதான். அந்தத் தகராறு அவனுடைய தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. எல்லா நல்லது கெட்டதுக்கும் ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் கல்லூரிக்கு அது வசதியாக இருந்தது. 'ஊர்த் தகராறு' என்ற வார்த்தை அலுவலகத்திலிருந்து கேண்டீனுக்கும் கேண்டீனிலிருந்து விடுதிக்கும் அரை நாளில் வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அதே பதிவேட்டில் முப்பத்தொன்றுக்கும் 'பி' இருக்கவேண்டுமே! செத்தவன் வகுப்பில் இருந்தான் என்று சொல்லும் பதிவேடு, கொன்றவன் வகுப்பில் இருந்தான் என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்கு வந்து, ஆசிரியர்கள் அறையில் சார் முன்னால் நின்றேன். பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். தயங்கிப் பிரித்தார். முப்பத்தொன்றுக்கு நேரே காகிதம் பிளேடால் சுரண்டி நைந்திருந்தது. அதன் மேல் ஒரு 'ஏ'.

"சார், இங்க பி இருந்தது."

அவர் பதிவேட்டை மூடப் போனார்.

"நான்தான் சார் அவனுக்குக் குரல் கொடுத்தேன். நீங்க பி போட்டீங்க. நாப்பத்துநாலுக்கும் இதே மாதிரிதான்."

"செத்துப்போன பையன் கிளாஸ்ல இருந்தான்னு எப்படிப்பா எழுதி அனுப்ப முடியும்? பிரின்சிபால் திருத்தச் சொன்னார்."

"அப்ப நாப்பத்துநாலு?"

"அவன் உயிரோட இருக்கானே" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமை கமிட்டி உட்காருது. ஒருத்தன் வந்து சொன்னா நிக்காது. அன்னிக்குக் குரல் கொடுத்தவங்க எல்லாரும் வந்து சொல்லுங்க. நான் நிமிர்ந்து பாக்கலைன்னு நானும் ஒத்துக்கறேன். சத்தியமா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை கேண்டீன் கொட்டகையில் ஒன்பது பேரும் உட்கார்ந்தோம். நாற்பத்தாறுதான் முக்கியம். அவன் வாயைத் திறந்தால் நாற்பத்துநாலு வகுப்பில் இல்லை என்பது வெளியே வரும். மற்றவர்கள் திறந்தால் அவன் சொல்வது நிற்கும். அவன் முதலில் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். பிறகு அழ ஆரம்பித்தான்.

"ஏல, முப்பத்தொண்ணு எனக்கும் கூட்டாளிதாம்ல. ஊருக்குப் போவ முடியாத தீவாளிக்கு அவன் வீட்லதான சோறு தின்னேன். நான் சொல்லுதேன். எங்கம்மை மேல சத்தியமாச் சொல்லுதேன்."

ஒரு முழுத்தாளில் எழுதினோம். அன்று யார் யாருக்குக் குரல் கொடுத்தோம் என்று ஒன்பது வரி, ஒன்பது கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. இந்தத் தடவை 'பாக்கலாம்' சொல்லவில்லை. தாளை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது, "என் பெட்டியில பூட்டி வைக்கேன், நீ பஸ்ல தொலச்சிருவ" என்றான் நாற்பத்தாறு. எனக்கும் சரியென்று பட்டது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். அவன் பெட்டி எந்த அறையில் இருந்தது? அவனும் நாற்பத்துநாலும் சேர்ந்து இருந்த அறையில்.

திங்கட்கிழமை பத்து மணி. பிரின்சிபால் அறையில் மூன்று நாற்காலி. நடுவில் அவர், இரண்டு பக்கமும் இரண்டு துறைத் தலைவர்கள். வராந்தாவில் எட்டுப் பேரும் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் இல்லை. வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளிச்சோற்றிலிருந்து சுரண்டிய காகிதம் வரைக்கும், ஒன்றையும் விடவில்லை.

பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டார். இரங்கல் கூட்டத்தில் துடைத்த அதே கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆக, நீ பொய்யா அட்டெண்டன்ஸ் கொடுத்திருக்கே. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன் சார்."

"மத்தவங்களும் கொடுத்தாங்கன்னு சொல்றே."

"அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் தாள்தான். வெள்ளிக்கிழமை கேண்டீன் மேசையில் இருந்த சாம்பார்க் கறை அதன் மூலையில் அப்படியே இருந்தது. அதன்மேல் குண்டூசி குத்தி எட்டுக் கடிதங்கள். 'என் வகுப்பு மாணவன் இருபத்தேழாம் எண் வற்புறுத்தியதால் கையெழுத்திட்டேன், அதில் உண்மை இல்லை' என்று எட்டுக் கையெழுத்தில் ஒரே வாசகம். சனிக்கிழமை ஒவ்வொருவனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். குரல் கொடுத்ததாக ஒப்புக்கொண்டால் அந்தப் பருவம் முழுக்க வருகை ரத்து, ஒரு வருடம் போய்விடும், அப்பாவுக்குத் தந்தி போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடம்! முப்பத்தொன்றுக்கு எத்தனை வருடம் போனது என்று அந்த எட்டுப் பேரில் ஒருவனாவது நினைத்துப் பார்த்தானா?

நாற்பத்தாறை உள்ளே கூப்பிட்டார்கள். எனக்குப் பக்கத்தில், தோள் இடிக்கும் தூரத்தில் நின்றான்.

"வியாழக்கிழமை மதியம் நாற்பத்துநாலாம் எண் வகுப்பில் இருந்தானா?"

"இருந்தான் சார். எம் பக்கத்துலதான் இருந்தான்."

தென்காசிப் பேச்சில் எப்போதும் இருக்கும் அந்த இழுப்புக்கூட அன்று இல்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "டேய், உங்கம்மா மேல சத்தியம் பண்ணியேடா" என்றேன். அவன் தரையைப் பார்த்தான். கடைசியாகச் சார் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நான் எப்போதும் முகத்தைப் பார்த்துத்தான் சார் மார்க் பண்ணுவேன்" என்றார். முப்பத்தொன்றுக்கு நேரே ஏன் சுரண்டியிருக்கிறது என்று நான் கத்தினேன். "மை கொட்டிவிட்டது" என்றார்.

எனக்கு இரண்டு வாரம் இடைநீக்கம். பொய் வருகைக்கும், சக மாணவர்களை மிரட்டியதற்கும். பையை எடுக்க வகுப்புக்குப் போனபோது, வெளிச்சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்: '27 - காட்டிக்கொடுத்தவன்'. பத்து நாளுக்கு முன்னால் எனக்கு இட்லி கொண்டுவந்த கைகளில் ஒன்றுதான் எழுதியிருக்க வேண்டும். குரலைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற சட்டத்தை நான் மீறிவிட்டேனாம்.

அன்று மாலையே கறுப்புத் துணிகள் கழன்றன. போராட்டத்துக்குப் பலன் இல்லாமல் இல்லை. ஏரிப் பக்கத்துச் சுவரை இரண்டு அடி உயர்த்தினார்கள். கேண்டீன் தட்டுகளை மாற்றினார்கள். முப்பத்தொன்றின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு கேடயம் கொடுப்பதாக மாணவர் பிரதிநிதியும் பிரின்சிபாலும் சேர்ந்து அறிவித்தார்கள். எதற்கென்று கேட்கிறீர்களா? நூறு சதவீத வருகைக்கு.

இடைநீக்கத்தில் இருந்தபோது ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. நான்தான் வரப்பில் போய்க் குந்தினேன்.

"இன்னா தம்பி, காலேஜி இல்லியா?"

சொன்னேன். கமிட்டியில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் செடியை உதறி மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ போய் சொன்ன."

"சொன்னேம்மா."

"வேற யாரும் சொல்லல."

"இல்லம்மா."

"அப்ப ஒரு ஆளு சொன்னா, சொன்னதா ஆவாதா?"

ஒருத்தன் சொன்னால் நிற்காது என்று சார் சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் நானும் செடி பிடுங்கினேன். கிளம்பும்போது, "அவன் பெரியப்பா புள்ளைய இன்னும் வூட்டுக்கு அனுப்பல. அவனா செஞ்சிருப்பான்? அன்னிக்கி அவன் எனுக்குத்தான் மோட்டாரு ரிப்பேரு பாத்துகினு இருந்தான்" என்றார். அவனை ஒரு மாதம் கழித்து விட்டார்கள். அவன்மேல் ஒன்றும் நிற்கவில்லை. வேறு யாரையும் பிடிக்கவும் இல்லை.

இரண்டு வாரம் முடிந்து நான் வகுப்புக்குத் திரும்பினேன். ஏன் போனாய் என்று கேட்டால், எனக்கும் ஒரு அப்பா இருந்தார், படிப்பு முடிந்தால் வேலை என்று காத்துக்கொண்டிருந்தார். என் பெஞ்சில் என்னோடு யாரும் உட்காரவில்லை. ஒன்றரை மணி வகுப்பு. முதல் பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. சன்னலோரம் நாற்பத்துநாலு உட்கார்ந்திருந்தான். மதியத்துக்கு மேல் வகுப்புக்கு வரும் பழக்கத்தை அப்போதுதான் ஆரம்பித்திருந்தான். அவன் பக்கத்தில் நாற்பத்தாறு.

சார் பதிவேட்டை விரித்தார். இனி முகத்தைப் பார்த்துத்தான் வருகை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. முதல் எட்டு, பத்து எண்களுக்கு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழக்கம் அவரை அமுக்கியது, தலை தொங்கிவிட்டது. இருபத்தேழுக்கு நான் "எஸ் சார்" என்றேன். முப்பதுக்குப் பிறகு சற்று நிறுத்தினார். முப்பத்திரண்டு என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வெயில் அடித்தது, மின்விசிறி ஓடவில்லை, நாற்பத்தாறு நோட்டில் எதையோ குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"நாற்பத்துநாலு."

ஒரே நேரத்தில் இரண்டு "எஸ் சார்" கேட்டது. ஒன்று கரகரப்பான, புதிய குரல். அந்த வகுப்பில் நாங்கள் அதுவரை கேட்டிராத அவனுடைய சொந்தக் குரல். இன்னொன்று மூக்கடைத்த குரல். எழுதிக்கொண்டிருந்த நாற்பத்தாறு, தலையைத் தூக்காமலே, ஆறு மாதப் பழக்கத்தில் கொடுத்துவிட்டான்.

ஐம்பத்தொன்பது பேரும் கேட்டோம். நாற்பத்தாறு பேனாவைப் பிடித்தபடி அப்படியே உறைந்திருந்தான்; அவன் காது சிவந்துகொண்டு வந்ததை நான் பார்த்தேன். சாரின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. இப்போது நிமிர்வார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் நிமிரவில்லை. ஒரு 'பி' போட்டார்.

"நாற்பத்தைந்து" என்றார்.

"எஸ் சார்."

"நாற்பத்தாறு."

"எஸ் சார்" என்றான் நாற்பத்தாறு, தன் சொந்தக் குரலில்.